பிஸ்டன் தின்ற மிஷின்

நான் வாங்கிய பழைய செயின்சாவின் பாரையும் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) செயினையும் கழற்றிவிட்டு விறகுக்கடைத் தராசில் வைத்தபோது ஏழு கிலோகூட வரவில்லை. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. "070 மிஷின் தம்பி, 105 சிசி, எந்த மரமா இருந்தாலும் வாழைத்தண்டு மாதிரி போகும்" என்று சொல்லித்தான் பழைய இரும்புக் கடைக்காரர் அதை எனக்கு 4,500 ரூபாய்க்குக் கொடுத்திருந்தார். மேல்மூடியில் 070 என்று ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தது. ஆனால் நிஜமான 070 என்றால் வெறும் இன்ஜினே பத்து கிலோவைத் தாண்டும், அதைத் தூக்கி நாள் முழுக்க மரம் அறுத்தவர்களின் தோளைக் கேட்டால் தெரியும். இது வேறு ஏதோ. கடைக்காரர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. மலை எஸ்டேட் ஒன்றின் ஏலத்தில் கிலோக் கணக்கில் எடுத்த சாமான்களோடு வந்தது அது, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

எனக்கு மரம் அறுக்கும் மிஷின் எதற்கு என்று கேட்டால், 2018 நவம்பர் 16-ஐச் சொல்ல வேண்டும். அன்று நள்ளிரவு தாண்டி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி மேற்கே போனது. நான் பேராவூரணிப் பக்கம். விடிந்து பார்த்தால் தோப்புக்குள் நடக்க வழியில்லை, தென்னைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. மிஷின் வைத்திருந்தவர்கள் வர வாரக்கணக்கில் காத்திருந்தோம், ஊரெல்லாம் அதே நிலை என்பதால் யாரையும் குறை சொல்ல முடியாது. அப்பா அந்த நாட்களில் கைவாளை எடுத்துக்கொண்டு காலையில் போவார், மத்தியானத்துக்குள் இரண்டு துண்டு போட்டிருப்பார். வீட்டில் ஒரு மிஷின் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் உட்கார்ந்தது அப்போதுதான். புதிதாக வாங்கக் காசு சேரவில்லை, பழசு கண்ணில் பட்டது, வாங்கிவிட்டேன்.

சரி, இது என்ன மிஷின்?

பழைய செயின்சா வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். மூடி, கைப்பிடி, ஸ்டிக்கர் எதையும் நம்பாதீர்கள், அவையெல்லாம் நாலு ஸ்குரூவில் மாறிவிடும். என்னுடையதில் மேல்மூடி ஏதோ போலி மிஷினுடையது, நிறமே கொஞ்சம் வேறாக இருந்தது. மாறாதது கிராங்க் கேஸ், அதாவது இன்ஜினின் அடி உடம்பு. மண்ணெண்ணெயும் பழைய டூத்பிரஷும் வைத்து இரண்டு மணி நேரம் தேய்த்தேன். மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து தார் மாதிரி இறுகியிருந்தது. அடியில் ஸ்டில் என்ற பெயர் வார்ப்பிலேயே தெரிந்தது, எங்கள் பக்கம் 'ஸ்டீல் மிஷின்' என்று சொல்கிற அதே ஜெர்மன் கம்பெனிதான். அப்புறம் 1 என்று தொடங்கும் ஒன்பது இலக்க வரிசை எண் ஒன்று. அந்தக் கம்பெனியின் வரிசை எண்களில் முதல் இலக்கம் எந்தத் தொழிற்சாலை என்று சொல்லும்: 1 என்றால் ஜெர்மனி, 2 அமெரிக்கா, 3 பிரேசில். ஆனால் மாடல் என்ன என்று அந்த எண்ணைப் பார்த்து நம்மால் சொல்ல முடியாது.

மாடலைச் சொன்னது வேறொரு எண். ஸ்டில் பாகங்களுக்குப் பதினொரு இலக்கத்தில் எண் கொடுப்பார்கள், நாலு, மூன்று, நாலு என்று பிரித்து. முதல் நாலு இலக்கம் மிஷின் குடும்பம். நடு மூன்று எந்தப் பகுதி என்பது: 020 என்றால் சிலிண்டர், 120 கார்ப்பரேட்டர், 400 இக்னிஷன், 640 ஆயில் பம்ப், இப்படி. 070-க்கும் 090-க்கும் குடும்ப எண் 1106. எனக்குக் கிடைத்தது 1119. அது 038 குடும்பம். ஏதோ ஒரு பாகத்தில் மட்டும் எண்ணைப் பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது, ஏனென்றால் ஒரே பாகத்தைப் பல மாடல்களில் போடுவார்கள். கிராங்க் கேஸில் இருப்பதுதான் சாட்சி. பேர் பூஜ்யத்தில் தொடங்குவதே பழைய மிஷின் என்பதற்கு ஓர் அடையாளம், 2000-ஐ ஒட்டித்தான் பெயர்களுக்கு முன்னால் எம்எஸ் என்று போட ஆரம்பித்தார்கள். 038-இன் வாரிசு எம்எஸ் 380, 381 என்று வந்தது. எனக்கு அதில் பெரிய நிம்மதி, ஏனென்றால் 381-க்கு உதிரிபாகம் இங்கே கிடைக்கிறது, அதில் பல இதற்கும் பொருந்தும்.

இன்னும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. 038-லேயே மூன்று அளவு உண்டு, சிலிண்டர் விட்டம் 48, 50, 52 மில்லிமீட்டர். பிஸ்டன் வாங்கும் முன் இது தெரிய வேண்டும். பிளக் ஓட்டை வழியாக சைக்கிள் ஸ்போக்கை விட்டுப் பிஸ்டன் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்தால் சுமார் 34 மில்லிமீட்டர் வந்தது. பின்னால் சிலிண்டரைத் தூக்கியபோது வெர்னியர் 52 காட்டியது. பள்ளிக்கூடக் கணக்குதான்: விட்டத்தின் வர்க்கம் பெருக்கல் 0.785 பெருக்கல் ஏற்ற இறக்கம். 5.2 சென்டிமீட்டருக்கும் 3.4 சென்டிமீட்டருக்கும் போட்டால் 72.2 சிசி. அந்தக் குடும்பத்திலேயே பெரியது, மேக்னம் என்று பெயர் வைத்தது. 105 சிசி என்று சொல்லிக் கொடுத்தது 72 ஆனதில் எனக்கு வருத்தமே இல்லை, தென்னந்தோப்புக்கு 070 தேவையில்லாத பாரம்.

இனி அது ஏன் ஓடவில்லை என்பதற்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து மிஷினைத் தொங்கவிட்டுப் பார்ப்பது ஒரு எளிய சோதனை. நல்ல கம்ப்ரஷன் இருந்தால் மிஷின் தன் எடையில் விட்டு விட்டு, தயங்கித் தயங்கி இறங்கும். என்னுடையது கிணற்று வாளி மாதிரி விறுவிறுவென்று இறங்கியது. சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் ஓட்டை வழியாக டார்ச் அடித்தேன். பிஸ்டனில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கிழிசல், ரிங் பள்ளத்தோடு ஒட்டிப்போயிருந்தது. பிஸ்டன் சீஸ், அதாவது பிஸ்டன் சிலிண்டர் சுவரோடு உராய்ந்து இறுகிப்போனது. எல்லோரும் இந்த இடத்தில் பிஸ்டன் கிட்டுக்கு ஆர்டர் போட்டுவிடுவார்கள், நானும் போட இருந்தேன்.

எங்கள் ஊரில் டிவிஎஸ் 50 காலத்திலிருந்து மொபெட் வேலை பார்க்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். டூ ஸ்ட்ரோக் வண்டிகள் ரோட்டை விட்டுப் போனபின் அவர் கைக்கு வேலை குறைந்துவிட்டது, கண் மட்டும் அப்படியே இருக்கிறது. சிலிண்டரைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன். பிஸ்டனை விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது கம்பெனி பிஸ்டன் இல்ல தம்பி, யாரோ முன்னாடியே மாத்திருக்கான்" என்றார். அடியிலிருந்த கேஸ்கட்டும் மற்ற பாகங்களின் வயசுக்குச் சேராமல் புதிதாக இருந்தது. அவர் அடுத்துச் சொன்னதுதான் எனக்குத் திருப்பம். "ஒரு பிஸ்டன தின்னுட்டு, மாத்துன பிஸ்டனையும் தின்னுருக்கு. நீ மூணாவதா ஒண்ணு வாங்கிப் போடப்போற. எது திங்குதுன்னு பாத்தியா?"

கோடு எந்தப் பக்கம் என்று பார்க்கச் சொன்னார். ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டிய மிஷினில் பிஸ்டனைச் சுற்றிலும் கிழிந்திருக்கும். என்னுடையதில் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும்தான், இன்டேக் பக்கம் ஓரளவு சுத்தம். அப்படியென்றால் சூடு. பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகப் போயிருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது, ஆகவே பெட்ரோல் குறைந்தால் குளிர்ச்சியும் போகும், ஆயிலும் போகும். வேண்டாத காற்று எங்கோ உள்ளே நுழைகிறது, கார்ப்பரேட்டருக்குத் தெரியாத வழியில். அந்த ஓட்டையை அடைக்காமல் எத்தனை பிஸ்டன் போட்டாலும் அதே கதிதான்.

அந்தக் கள்ள வழியைத் தேடியதுதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சிலிண்டரைப் பழைய பிஸ்டனோடு திரும்ப மாட்டி, எக்ஸாஸ்ட்டையும் இன்டேக்கையும் சைக்கிள் டியூப் ரப்பர் வைத்து இறுக்கி அடைத்தேன். கிராங்க் கேஸின் துடிப்பைக் கார்ப்பரேட்டருக்குக் கொண்டுபோகும் சிறு குழாய் ஒன்று உண்டு, பெட்ரோல் பம்ப் வேலை செய்வதே அந்தத் துடிப்பில்தான். அந்தக் குழாயில் அம்மாவின் பழைய பிபி மிஷின் பல்பைச் செருகி அழுத்தினேன். அதன் முள்ளை 300 வரை ஏற்றலாம், அது கிட்டத்தட்ட 0.4 பார் அழுத்தம், இதற்குப் போதும். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் எங்கேயும் குமிழி இல்லை. முள்ளும் இறங்கவில்லை. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை, ஓட்டை இல்லையென்றால் இரண்டு பிஸ்டன் எப்படிப் போயிருக்கும்?

மறுநாள்தான் உறைத்தது. கிராங்க் ஷாப்ட் வெளியே வரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல், அதன் உதடு உள்பக்கம் பார்த்தபடி இருக்கும். உள்ளே அழுத்தம் கொடுத்தால் அந்த உதடு ஷாப்டோடு இன்னும் இறுகிப் பிடிக்கும், ஓட்டை தெரியாது. ஓடுகிற இன்ஜினில் அழுத்தமும் உண்டு, உறிஞ்சலும் உண்டு, மாறி மாறி. ஆகவே உறிஞ்சியும் பார்க்க வேண்டும். ஏசி வேலை பார்க்கும் நண்பனிடம் வேக்கம் காட்டும் கேஜ் வாங்கி, பெரிய சிரிஞ்சால் காற்றை இழுத்தேன். முள் இறங்கியது, அடுத்த சில விநாடிகளில் திரும்ப பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. இரண்டு பக்க சீலிலும் ஆயில் இரண்டு சொட்டு விட்டு மறுபடி இழுத்தேன். கிளட்ச் பக்கச் சொட்டு அப்படியே நின்றது. ஃப்ளைவீல் பக்கச் சொட்டு மெதுவாக உள்ளே போய் மறைந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு பிஸ்டனைத் தின்றது அதுதான், கட்டைவிரல் அகல ரப்பர் வளையம்.

சீல் விலை ஒரு டீ, வடைக் கணக்கில்தான் வந்தது. உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றையும் அளந்து பேரிங் கடையில் கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் பெட்ரோலுக்குத் தாங்கும் ரப்பரா என்று கேட்டு வாங்க வேண்டும். நான் இரண்டு பக்கமும் மாற்றிவிட்டேன், இன்னொரு முறை பிரிக்க மனமில்லை. பிரிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. கிளட்ச் இடப்பக்க மரை, வழக்கத்துக்கு மாறாகக் கடிகார முள் திசையில் சுற்றினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் மல்லுக்கட்டி கிராங்கைக் கெடுத்தவர்கள் உண்டு. பிஸ்டன் அசையாமல் நிற்க, பிளக் ஓட்டை வழியாகக் கயிற்றைத் திணித்துக்கொள்ளலாம், இரும்பைச் செருகாதீர்கள்.

சிலிண்டரைப் பார்த்தவர்கள் தூக்கிப்போடச் சொன்னார்கள். இதைப் பைக் சிலிண்டர் மாதிரி லேத்தில் கொடுத்து உள்ளே கடைந்து பெரிதாக்க முடியாது, அலுமினியத்தின் மேல் மெல்லிய நிக்கல் பூச்சுதான். ஆனால் உற்றுப் பார்த்தால் உள்ளே தெரிந்த கோடுகளில் பெரும்பகுதி கீறல் இல்லை, உருகிய பிஸ்டன் அலுமினியம் அப்பிக்கொண்டது. பாத்ரூம் கழுவும் ஆசிட் அலுமினியத்தைக் கரைக்கும், நிக்கலை அவ்வளவு சீக்கிரம் தொடாது. வெட்டவெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் கொஞ்சமாக, அப்பியிருந்த இடத்தில் மட்டும் தொட்டேன். நுரைத்தது, துடைத்தேன், மறுபடி தொட்டேன். நுரை நின்றால் அலுமினியம் தீர்ந்தது என்று அர்த்தம். ஓட்டைகளின் ஓரத்தில் பூச்சு முடிகிற இடத்துக்கு ஆசிட் போகவே கூடாது, அங்கே வெறும் அலுமினியம்தான். பழைய காலத்துக் குரோம் பூச்சு சிலிண்டராக இருந்தால் இந்த வேலையே ஆகாது, குரோமை ஆசிட் தின்றுவிடும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவைத்து விரலால் தடவினேன், ஓரிடத்தில் நகம் லேசாகத் தட்டியது, மற்றபடி வழவழப்பு. போதும் என்று முடிவு செய்தேன்.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. 52 மில்லிமீட்டர் பிஸ்டன், தலையிலுள்ள அம்பு எக்ஸாஸ்ட்டைப் பார்க்கும்படி போட்டேன். டேங்குக்குள்ளிருந்த பெட்ரோல் டியூப் கையில் எடுத்ததும் முறுக்கு மாதிரி ஒடிந்தது. கார்ப்பரேட்டரின் டயஃப்ரம், அதாவது உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு, அட்டை மாதிரி விறைத்திருந்தது, கிட் வாங்கி மாற்றினேன். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, பழைய ரப்பருக்கு அது ஆகாது, ஈரத்தையும் இழுக்கும். அதனால் வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீரும்வரை ஓட்டி நிறுத்துகிறேன். இக்னிஷன் காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை வைத்து இறுக்கினால் இடைவெளி சரியாக வரும், 0.2, 0.3 மில்லிமீட்டர்தான் வேண்டியது.

செயினைப் பற்றி மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். மிஷினோடு வந்த செயின் மரத்தை நேராக அறுத்திருக்கவே முடியாது. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தை அளந்து இரண்டால் வகுத்தால் செயினின் பிட்ச் கிடைக்கும். அளந்தது 19 மில்லிமீட்டர், அதில் பாதி 9.5, அதாவது எட்டில் மூன்று அங்குலம், சரிதான். ஆனால் பாரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டர், செயினின் அடிப்பல் 1.3. பள்ளத்துக்குள் செயின் ஒருபக்கம் சாய்ந்துகொண்டே ஓடியிருக்கும், வெட்டும் வளைந்துகொண்டே போயிருக்கும். பிட்ச், அடிப்பல் தடிமன், அடிப்பல் எண்ணிக்கை, இந்த மூன்றையும் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள், "இந்த சைஸ் பார்" என்று கையை விரித்துக் காட்டி வாங்காதீர்கள்.

இந்தச் செயின் பல்லின் வடிவத்துக்கு ஒரு கதை உண்டு, எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவின் ஆரிகான் பகுதியில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோ காக்ஸ் என்பவர் 1946-இல் ஒரு மரக்கட்டையில் வண்டுப் புழு ஒன்று துளைத்துக்கொண்டு போவதைப் பார்த்தார். அது கைவாள் பல் மாதிரி கீறவில்லை, வாயின் இரண்டு கொடுக்குகளாலும் இடமும் வலமுமாக மாற்றி மாற்றிக் கடித்து, நார்வழியும் குறுக்குமாக எளிதாகப் போனது. அதைப் பார்த்து அவர் செய்த, இடம் வலமாகக் கொக்கி வளைந்த பல்லுள்ள செயின் 1947-இல் விற்பனைக்கு வந்தது. இன்றைக்கும் என் தோப்பில் ஓடுவது அந்தப் புழுவின் வாய்தான். தென்னைக்கு அது இன்னும் முக்கியம், ஏனென்றால் தென்னையில் மற்ற மரங்களைப் போல நடுவில் வைரம் பாய்வதில்லை. கடினமெல்லாம் வெளிப்பக்கத்தில், அதிலும் அடிமரத்தில். மேல்பட்டையில் ஒட்டியிருக்கும் மணலோடு அதை அறுத்தால் பல் சீக்கிரம் மழுங்கும். 5.2 மில்லிமீட்டர் உருண்டை அரத்தால், ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் பல்லுக்கு இரண்டு இழுப்பு. தூள் மாவாக வந்தால் மழுங்கிவிட்டது, சீவலாக வந்தால் நன்றாக இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். என் மிஷினில் செயின் பிரேக்கைக் கழற்றி எறிந்திருந்தார்கள். பட்டையும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை, முன்கைத் தடுப்பு மட்டும் அலங்காரத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. பல மிஷின்களில் இப்படிப் பார்க்கிறேன், "அது அடிக்கடி பிடிக்குதுண்ணே" என்று காரணம் சொல்கிறார்கள். பாரின் நுனியில் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் மிஷின் கண் இமைக்கும் முன் முகத்தை நோக்கித் திரும்பும், அந்த நேரத்தில் மணிக்கட்டு தடுப்பில் பட்டுச் செயினை நிறுத்துவதற்குத்தான் அந்தப் பட்டை. அந்த உதிரிபாகம் வர மூன்று வாரம் ஆனது. இன்ஜின் தயாராகி மேஜையில் இருந்தும் பாரை மாட்டாமல் காத்திருந்தேன். அப்பா இரண்டு முறை கேட்டார், மூன்றாம் முறை கேட்கவில்லை.

ஸ்டார்ட் செய்த அன்று காலையில் பெரியவரையும் கூப்பிட்டேன். லிட்டருக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில், அதாவது 25-க்கு 1. நல்ல தரமான ஆயிலாக இருந்தால் 50-க்கு 1 போதும், ஆனால் புதுப் பிஸ்டனுக்குத் தாராளமாகவே விட்டேன். கார்ப்பரேட்டரின் இரண்டு ஸ்குரூவையும் மெதுவாக மூடி, ஒவ்வொரு சுற்று திறந்து வைத்தேன். ஏழாவது இழுப்பில் இருமியது. சோக்கைத் தள்ளிவிட்டு இன்னும் இரண்டு இழுப்பு, பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை, பழைய ஆயில் வாசனை. பெரியவர் பேசாமல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். முழுசாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் சத்தம் சுத்தமாக வீறிட்டது, எனக்கு அது இனிமையாக இருந்தது. அவர் உடனே கையை ஆட்டினார். "ரொம்ப அழகா பாடுதுன்னா பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம். தொறந்து விடு." முழு வேகத்துக்கான ஸ்குரூவை இம்மி இம்மியாகத் திறக்கத் திறக்க, அந்த வீறல் உடைந்து, பாரமில்லாத முழு வேகத்தில் கொஞ்சம் குழறலாக வந்தது. மரத்துக்குள் இறங்கிப் பாரம் விழுந்ததும் குழறல் தெளிய வேண்டும், அதுதான் சரியான அளவு.

கொல்லையில் பழைய பூவரசு ஒன்று பட்டுப்போய்ச் சாய்ந்து கிடந்தது. அதில்தான் முதல் வெட்டு. குழறிக்கொண்டிருந்த சத்தம் மரத்தைத் தொட்டதும் தெளிந்தது, தூள் சீவலாகக் காலடியில் விழுந்தது. ஒரு டேங்க் முடிந்ததும் நிறுத்தி, சூடு ஆறியபின் சைலன்சரைக் கழற்றி மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனில் ஒரு கோடுகூட இல்லை. பெரியவரும் குனிந்து பார்த்தார். பிறகு மேல்மூடியைக் கழற்றி அந்த 070 ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டு, உள்பக்கம் அழியாத மார்க்கரில் எழுதி வைத்தேன்: 038, 52 மி.மீ., சீல் இரண்டும் மாற்றியது.